பட்டறைப் பதில்கள்: வண்டியின் வயிற்றுக்கு எந்தத் தகடு?

கே.புதூரில் என் பட்டறை ராம்ப்பில் இதை எழுதும்போது ஒரு ஏடிவி ஏறி நிற்கிறது. அடியில் கை வைத்தால் மண், எண்ணெய், நசுங்கிய நெருஞ்சிமுள் எல்லாம் சேர்ந்து வருகிறது. முன்பு இந்த நாலு சக்கர பைக் எப்போதாவது ஒன்று வரும். இப்போது தோப்பு வைத்திருப்பவர்களும் பண்ணை விடுதிக்காரர்களும் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். கடிதங்களும் அதற்கேற்ப வருகின்றன. இந்த இதழில் அடித்தகடு, அதாவது வண்டியின் வயிற்றைக் காக்கிற ஸ்கிட் பிளேட் பற்றிய கேள்விகள் மட்டும். கார்புரேட்டர் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

மேலூர் வாசகர்: அண்ணே, பழைய ஏடிவி ஒன்று வாங்கினேன். 500 சிசி, நாலு சக்கரமும் இழுக்கும். மாந்தோப்புக்கும் அதற்கு மேலே இருக்கிற பாறைக்காட்டு நிலத்துக்கும் போய்வரத்தான். கம்பெனி போட்டிருந்த அடி பிளாஸ்டிக் உடைந்து தொங்குகிறது. ஸ்கிட் பிளேட் மாற்ற வேண்டும். விற்றவர் அலுமினியம் போடு என்கிறார். கூட்டாளி ஒருவன் கறுப்பு பிளாஸ்டிக்தான் நல்லது என்கிறான். மச்சான் வெல்டிங் கடை வைத்திருக்கிறார், இரும்பில் ஒரே நாளில் அடித்துத் தருகிறேன் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மூன்று பேரையும் கொஞ்சம் நிறுத்திவையுங்கள் தம்பி. முதலில் அந்த உடைந்த பிளாஸ்டிக்கைத் தூக்கி எறியாமல் கழற்றி, கழுவி, வெயிலில் வைத்துப் பாருங்கள். அப்புறம் வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஒரு சாக்கை விரித்து அடியில் படுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்க வேண்டாம். வண்டி எங்கெல்லாம் அடிபட்டது என்று அந்தக் கீறல்களே சொல்லும்.

இப்போது என் ராம்ப்பில் நிற்கிற வண்டியையே சொல்கிறேன், அதுவும் உங்கள் பக்கத்து வண்டிதான். நடு வயிற்றில் முன்னிருந்து பின்னாகச் சீப்பு போட்டு வாரியது மாதிரி இணையாகக் கோடுகள். அது சமதளப் பாறையில் உரசியது. மேலூர்ப் பக்கத்துப் பாறை பார்க்க வழவழப்பாக இருக்கும், கையை வைத்துத் தேய்த்தால் உப்புத்தாள் போலச் சுரண்டும். இடது பக்கம், முன் சக்கரத்துக்குப் பின்னால், ஒரு கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. விளிம்பு உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. இது பாறை இல்லை, சீமைக்கருவேலங் கட்டை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக வெட்டினார்கள். அதற்கு முன்பும் கரிமூட்டத்துக்கு வெட்டினார்கள், இன்றும் வெட்டுகிறார்கள். தூரோடு பிடுங்காத இடத்தில் அரை அடிக் கட்டை சாய்வாகக் கூர்வைத்த மாதிரி நிற்கும், மேலே புல் மூடியிருக்கும். வெளிநாட்டு விளம்பரங்களில் ஆற்றுப் பாறைமேல் வண்டி ஏறுவதைத்தான் காட்டுவார்கள். நம் ஊரில் என்னிடம் வந்த ஓட்டைகளில் அதிகம் இந்தக் கட்டை போட்டதுதான்.

கோடுகள் அதிகமா, ஓட்டை அதிகமா என்று பார்த்துவிட்டீர்கள் என்றால் பாதித் தேர்வு முடிந்தது. இனி பொருளுக்கு வருகிறேன்.

இரும்பு: 120 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம் என்று ஒரு தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிமீட்டர் இரும்பில் அடித்தால் 14 கிலோ. குத்தைத் தாங்கும், ஓட்டை விழாது, ஆனால் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் கழற்றிச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம், எந்த ஊரிலும் வெல்டிங் வைக்கலாம். கெடுவது துருவால்தான், அதுவும் நீங்கள் பெயின்ட் அடிக்கிற வெளிப்பக்கத்தில் அல்ல, ஈரமண் தேங்கி நிற்கிற உள்பக்கத்தில். மச்சானிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பஸ் தளத்துக்குப் போடுகிற செக்கர்டு பிளேட்டில் அடிக்க வேண்டாம். அந்த மேடு கீழே பார்த்து இருந்தால் ஒவ்வொரு மேடும் பாறையைக் கவ்வும். மேலே பார்த்து வைத்தால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

அலுமினியம்: அதே அளவு, 5 மில்லிமீட்டரில் 8 கிலோ. துருப் பிடிக்காது. கடையில் அலுமினியம் என்று பொதுவாகச் சொல்வதை ஏற்காமல் என்ன ரகம் என்று கேளுங்கள். 5052 என்றால் வளைக்கலாம், விரிசல் விடாது. 6061-டி6 அதைவிடக் கடினம், ஆனால் கூர்மையாக வளைத்தால் வளைவிலேயே வெடிப்பு விடும். விரிசல் விட்டால் ஆர்கான் வெல்டிங் வேண்டும், அது எல்லாப் பட்டறையிலும் இருக்காது. அலுமினியத்துக்கு இன்னொரு குணம் உண்டு. பாறைமேல் வழுக்காமல் ஒட்டும். பாறை அதைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும், வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும், சக்கரம் நாலும் சும்மா சுற்றும். சத்தம் வேறு. சின்னக் கல் தெறித்தால்கூடத் தகர டப்பாவில் அடித்த மாதிரி இருக்கும்.

கறுப்பு பிளாஸ்டிக்: உங்கள் கூட்டாளி சொல்வது யு.எச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலீன் என்கிற ரகமாக இருந்தால் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு மாற்றும்போது உலோகத்துக்கு நடுவில் வழுக்குவதற்காக ஒரு வெள்ளைக் கிண்ணம் வைப்பார்களே, அதே இனம். அப்படியானால் எவ்வளவு வழுக்கும், எவ்வளவு தேயாது என்று யோசித்துப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் கனத்தில் போட்டாலும் நம் அளவுத் தகடு 7 கிலோவுக்குள் நிற்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அடிபட்டால் உள்ளே போய்த் திரும்பி வரும். சத்தமே இருக்காது. வெயிலுக்குக் கறுப்புதான் நல்லது, வெள்ளையில் வாங்காதீர்கள்.

குறைகளும் உண்டு. உள்ளே போய்த் திரும்பி வரும் என்றேன் அல்லவா? உள்ளே போகிறபோது எஞ்சினைத் தொட்டுவிடக்கூடாது. ஃபிரேம் குழாய்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாக உள்ள வண்டியில் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் போட்டால், கட்டை தகட்டை அமுக்கி நேரே எஞ்சின் அடியில் எண்ணெய் நிற்கிற சேம்பரில் இடிக்கும். அதனால் 10-க்குக் குறைத்து வாங்காதீர்கள். இரண்டாவது, சூடு. இது 130 டிகிரியைத் தாண்டினால் உருகும், அதற்கு முன்பே இளகும். சைலன்ஸர் குழாய் தாழ்வாகப் போகிற வண்டி என்றால் அந்த இடத்தில் மட்டும் வெட்டி ஒதுக்க வேண்டும். மூன்றாவது, நீளும். ஒரு மீட்டர் தகடு 40 டிகிரி சூடு ஏறினால் 6 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். அலுமினியம் அதே சூட்டில் 1 மில்லிமீட்டருக்குள், இரும்பு அரை மில்லிமீட்டர். காலையில் நிழலில் கச்சிதமாகத் துளை போட்டு மாட்டிவிட்டுச் சித்திரை மத்தியானத்தில் பாறைமேல் நிறுத்தினால், தகடு பாம்பு போல நெளிந்து நிற்கும். போல்ட் ஓட்டை வட்டமாக இருக்கக்கூடாது, நீள்வட்டமாக இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கறுப்பாக இருப்பதெல்லாம் இந்த ரகம் இல்லை. நீல டிரம்மை வெட்டி விரித்து மாட்டிய வண்டிகூட இங்கே வந்தது. அதுவும் பாலிஎத்திலீன்தான், ஆனால் வேறு ரகம், கனமும் போதாது. சேறு தெறிப்பதைத் தடுக்கும். கட்டைக்கு முன்னால் அது வெறும் துணி.

சரி, உங்களுக்கு என் தீர்ப்பு: நடு வயிற்றுக்கு 12 மில்லிமீட்டர் யு.எச்.எம்.டபிள்யூ., உங்கள் மாடலுக்கென்றே வளைத்து வருவது கிடைத்தால். கிடைக்காவிட்டால் 5 மில்லிமீட்டர் 5052 அலுமினியம். மச்சானைப் பகைத்துக்கொள்ள வேண்டாம், அவருக்கும் வேலை இருக்கிறது. முன் மூக்கிலிருந்து வயிறு தொடங்குகிற இடம் வரை ஒரு சின்ன இரும்புத் துண்டு அடித்துத் தரட்டும். நேரடி இடி விழுவது அங்கேதான். பிறகு சக்கரங்களை ஃபிரேமோடு இணைக்கிற ஏ-ஆர்ம் நாலுக்கும் கவசம் வேண்டும். கட்டை வயிற்றைக் கிழிப்பதைவிட ஆக்ஸில் முனையில் இருக்கிற சிவி பூட் ரப்பரைக் கிழிப்பதுதான் சுலபம். ரப்பர் கிழிந்தால் உள்ளே மண் போகும், கிரீஸ் வெளியே வரும், கொஞ்ச நாளில் ஜாயின்ட் கடகட என்று பேச ஆரம்பிக்கும். பெரிய தகட்டை மாட்டிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மாட்டும்போது ஓடு வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறியிருப்பதால்தான் மழைத்தண்ணீர் இடுக்கில் நுழையாமல் ஓடுகிறது. அதே மாதிரி, முன் தகட்டின் பின்விளிம்பு பின் தகட்டின் முன்விளிம்பை வெளிப்பக்கமாக மூடியிருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் பின் தகட்டின் விளிம்பு ஏர்க்கொழுவாகிவிடும், நீங்கள் போகிற வழியெல்லாம் உழுதுகொண்டே போவீர்கள். ஃபிரேமில் புதிதாகத் துளை போட விடாதீர்கள். யு-கிளாம்ப் போட்டுக் குழாயைக் கவ்வச் செய்யுங்கள். போல்ட் தலை தகட்டுக்குள் பதிந்திருக்கட்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாறை முதல் நாளே தலையை வழித்துவிடும். பிறகு ஆலன் கீ போட இடமே இருக்காது. அப்படி ஏழு போல்ட்டைத் துளையிட்டு எடுத்த ஒரு மத்தியானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உசிலம்பட்டி வாசகர்: எங்கள் ஊரில் பாறை கிடையாது, கரிசல்தான். முழுத் தகடு மாட்டிய பிறகு வண்டி மழைக்காலத்தில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. தகடு எடை காரணமா?

தகட்டின் எடை இல்லை ஐயா, தகட்டின்மேல் நீங்கள் சுமந்துகொண்டு போகிற வயலின் எடை. கரிசல் ஈரத்தில் களியாக ஒட்டும், காய்ந்தால் சிமென்ட். நாலு பக்கமும் மூடிய தகட்டுக்குள் அது போய் உட்கார்ந்தால் வெளியே வர வழி இல்லை. இருபது கிலோ அங்கே கிடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அதோடு எஞ்சினைச் சுற்றிக் காற்று போகாது, சூடு ஏறும்.

பாறை இல்லாத நிலத்துக்கு முழுக் கவசம் எதற்கு? நடுத்தகட்டை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத் துண்டுகளைக் கழற்றிப் பாருங்கள். இருக்கிற தகட்டில் பின்பக்கமாக விரல் கடை அகலத்தில் நீளத் துளைகள் நாலைந்து போடச் சொல்லுங்கள், தண்ணீர் அடித்தால் சேறு அதன் வழியே இறங்க வேண்டும். ஆயில் மாற்றுகிற இடத்துக்கும் ஒரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் முழுத் தகட்டையும் இறக்க வேண்டியிருக்கும், பிறகு சோம்பல் வந்து ஆயிலே மாற்றமாட்டோம். வேலை முடிந்த அன்றைக்கே கழுவிவிடுங்கள். மறுநாள் என்றால் உளி வேண்டும்.

மழை ஓய்ந்த பிறகு இன்னொரு ஆபத்து இருக்கிறது, அதை என் தவறாகவே சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தோப்புக்காரருக்கு நானே முழுத் தகடு அடித்துக் கொடுத்தேன், இண்டு இடுக்கில்லாமல். பார்க்க அழகாக இருந்தது. அறுவடை முடிந்த வயலில் இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் போன் வந்தது: "அண்ணே, சீட்டுக்கு அடியில் புகை வருது." போய்ப் பார்த்தால் தகட்டுக்கும் சைலன்ஸருக்கும் நடுவே வைக்கோல் கூடு கட்டியிருக்கிறது, மேல்பகுதி கருகி நூல் நூலாகப் புகைகிறது. ஒரு வாளித் தண்ணீரில் அடங்கியது, என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து சைலன்ஸர் ஓரத்தில் கை நுழைகிற இடைவெளி இல்லாமல் நான் தகடு மாட்டுவதில்லை. வைக்கோல், காய்ந்த புல் காலத்தில் தினமும் கையை விட்டுத் துழாவுங்கள், வண்டி ஆறிய பிறகு.

அலங்காநல்லூர் பக்கம் பண்ணை விடுதி நடத்தும் வாசகர்: விருந்தாளிகள் ஓட்டுவதற்கு 110 சிசி சின்ன ஏடிவி நாலு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் நல்ல இரும்புத் தகடு போட்டேன். அப்படியும் செயின் கழன்றுகொண்டே இருக்கிறது, பின் பிரேக் டிஸ்க் இரண்டு முறை வளைந்துவிட்டது.

காவல் போட்ட இடம் தவறு. பெரிய ஏடிவியில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும், அதனால் வயிறுதான் தாழ்ந்த இடம். உங்கள் சின்ன வண்டியில் பின்னால் ஒரே ஆக்ஸில், இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரு கம்பி. அதன் நடுவில் செயின் பல்சக்கரமும் டிஸ்க்கும் தொங்குகின்றன. வண்டியிலேயே தரைக்கு மிக நெருக்கம் அவைதான். ஸ்கேலை நட்டு அளந்து பாருங்கள், வயிற்றுக்கும் பல்சக்கரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். நடுவயிறு பாறையைத் தாண்டிவிடும், பின்னால் வருகிற பல்சக்கரம் மாட்டிக்கொள்ளும்.

அந்த ஆக்ஸிலைத் தாங்கி ஏறி இறங்குகிற பின் ஸ்விங்ஆர்முக்கு அடியில் படகு மூக்கு மாதிரி வளைந்த ஒரு கவசம் வேண்டும், பல்சக்கரத்தையும் டிஸ்க்கையும் சேர்த்து மூடுவதாக. அது ஸ்விங்ஆர்மோடு ஏறி இறங்க வேண்டும், ஃபிரேமில் மாட்டினால் முதல் பள்ளத்தில் முறியும். வயிற்றுத் தகடு நாலையும் கழற்றிக் காயலாங்கடைக்குப் போடச் சொல்லவில்லை. அதிலிருந்தே இந்தக் கவசத்தை வெட்டிக்கொள்ளலாம்.

சோழவந்தான் வாசகி: ஏடிவிக்குத் தகடு போட்டால் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். தென்னந்தோப்பில் வாய்க்கால் வரப்பெல்லாம் ஏற்றுகிறார். பின்னால் மகனையும் உட்காரவைத்துக்கொள்கிறார். தகடு நிஜமாகவே அவ்வளவு காப்பாற்றுமா?

தகடு வண்டியின் வயிற்றைக் காப்பாற்றும் தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரின் வயிற்றை அல்ல. இந்த வண்டிகளில் பெரிய ஆபத்து கவிழ்வது. வரப்பில் குறுக்கே ஏற்றினால் ஒரு பக்கம் உயரும், மேலே விழுந்தால் 300 கிலோவுக்கு மேல். பின்னால் இருப்பது உரமூட்டை வைக்கிற ரேக், இருக்கை இல்லை. ஒற்றை இருக்கை ஏடிவியில் ஓட்டுபவர் வளைவுக்கேற்ப உடம்பைச் சாய்த்து நகர வேண்டும், பின்னால் பிள்ளை இருந்தால் நகர இடமே கிடையாது. பையனை இறக்கிவிடச் சொல்லுங்கள். தகட்டுக்கு எடுத்துவைத்த பணத்தில் முதலில் ஹெல்மெட் வாங்கட்டும். இந்தப் பக்கத்தை மடித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், நான் சொன்னதாகவே இருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் அவருக்காகப் பேசுகிறேன். தகடு போட்டால் வண்டி உயரம் குறையும் என்று நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். 12 மில்லிமீட்டர் தகடு 12 மில்லிமீட்டரைத்தான் எடுக்கும். ஓர் அடி சுமாருக்கு வயிற்று உயரம் உள்ள வண்டியில் அது பெரிதில்லை.

திருமங்கலம் வாசகர்: கல்லூரி மாணவன். தகடு போட்ட ஏடிவியில் நண்பர்களோடு அழகர்மலை, அரிட்டாபட்டி என்று போகலாமா? ரோட்டில் ஓட்டினால் பிடிப்பார்களா?

பெரும்பாலான ஏடிவிகளுக்கு ரோட்டில் ஓட்டப் பதிவே கிடையாது, பிடிப்பார்கள். டெம்போவில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். காப்புக்காடு என்றால் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், தமிழ்நாடு வனச் சட்டம் 1882-லிருந்தே இருக்கிறது. அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், தமிழ்நாட்டில் முதலாவது. சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் இருக்கிற பாறையில் டயர் தடம் பதிக்க எந்தத் தகடும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். நடந்து போங்கள், நல்லா இருக்கும்.

பேரையூர் வாசகர்: அண்ணே, உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் யு.எச்.எம்.டபிள்யூ. தகடு போட்டேன். இரண்டு மாதத்தில் பத்து போல்ட்டில் மூன்றைக் காணவில்லை. தகடு ஒரு பக்கம் தொங்கித் தரையில் இழுபட்டது. இதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லையே?

எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. கோபம் நியாயம்தான்.

இந்த பிளாஸ்டிக்கை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தத்துக்கு மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும், வாஷருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். இறுக்கம் போனதும் அதிர்வில் போல்ட் கழன்றுவிடும். அதற்காக இன்னும் பலமாக முறுக்கினால் இன்னும் வேகமாக மெலியும். லேத்தில் கொடுத்து, போல்ட் நுழைகிற குட்டிக் குழாயாகச் சின்ன இரும்புப் புஷ் கடைந்து வாங்குங்கள். போல்ட் தலைக்குத் தோண்டியது போக மீதி இருக்கிற தகட்டுக் கனத்தைவிட அரை மில்லிமீட்டர் நீளமாக இருக்கட்டும். அதை நீள்வட்டத் துளைக்குள் வைத்து, அகலமான வாஷர் போட்டு இறுக்கினால், போல்ட் கவ்வுவது புஷ்ஷை, தகட்டை அல்ல. தகடு தன் இஷ்டத்துக்கு நீண்டு சுருங்கிக்கொள்ளும், இறுக்கம் இறங்காது. மரையில், கழலாமல் பிடிக்கிற பசையான லாக்டைட், நீல நிறத்தில், ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும், பக்கத்தில் பிளாஸ்டிக்.

முதல் 15 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை பாருங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் சாவி போட்டுப் பார்க்கத் தேவையில்லை. நெயில்பாலிஷ் எடுத்து, போல்ட் தலையிலிருந்து வாஷர் வழியாகத் தகடு வரை ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். கோடு நேராக இருந்தால் போல்ட் நகரவில்லை. உடைந்து விலகியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். தேய்ந்து போனால் மறுபடி இழுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்டு வாங்கும்போது சிவப்பாகப் பார்த்து வாங்குங்கள், கறுப்புத் தகட்டில் அதுதான் குனிந்தவுடன் தெரிகிறது.